முன் பிரேக்கும் புது மாப்பிள்ளையும்

பிரேக் பிடியை இழுத்தேன். அது எந்தத் தடையும் இல்லாமல் வந்து கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. மணலில் ஓடுகிற நாலு சக்கர வண்டியான எங்கள் நாலு சில்லு பைக் நிற்கவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. லொறிக்குப் பின்னால் அடுக்கியிருந்த வெறும் மீன் பெட்டிகளுக்குள் தன்பாட்டில் போய் நுழைந்தது. யாருக்கும் காயமில்லை. இரண்டு பெட்டி உடைந்தது, வலை இழுக்கும் ஆட்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சத்தம் கேட்டு வாப்பா மணலில் நடந்து வந்தார். பைக்கைச் சுற்றிப் பார்த்தார். பிடியை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இத இனி ஓட வேணா. மருமகன் பார்ப்பாரு," என்றார்.

சாவியைக் கழற்றித் தன் சேட் பையில் போட்டுக்கொண்டார். அந்த நொடியில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது: மருமகன் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்து முடித்துவிட வேண்டும்.

வாப்பாவுக்குச் சாய்ந்தமருதுக் கரையில் ஒரு கரைவலை இருக்கிறது. வலை கரையேறும் இடத்துக்கும் ஐஸ் லொறி நிற்கும் கொங்கிறீட் வீதிக்கும் நடுவில் கால் புதைகிற மணல். முன்பு மீன் பெட்டிகளை ஆட்கள் தோளில் சுமந்துதான் வீதிக்குக் கொண்டுவருவார்கள். பொத்துவில் பக்கத்தில் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்ட பழைய நாலு சில்லு பைக் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், வாப்பாவை இரண்டு மாதம் நச்சரித்து அதை வாங்க வைத்தவன் நான். கோமாரி ஊரைத் தாண்டி வரும் வழியெல்லாம் லொறியின் பின்தட்டில் அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று வந்தவனும் நான். பின்னால் ஒரு சின்ன வண்டில் கொழுவி, ஒரு தடவைக்கு ஆறு பெட்டி என்று எட்டு மாதம் ஓடினேன். சாவி என் பையில்தான் இருந்தது. உயர்தரப் பரீட்சையில் தொழில்நுட்பப் பிரிவு எழுதிவிட்டு, பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அந்தச் சாவி ஒரு உத்தியோகம் மாதிரி.

பிறகு எனக்கு மூத்தவ, என் ராத்தாவுக்குக் கல்யாணம் நடந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வருவார். வீடு பெண்ணுக்கு. மச்சான் மருதமுனையிலிருந்து ஒரு சூட்கேஸோடும் ஒரு மோட்டார் சைக்கிளோடும் வந்து இறங்கினார். நான் என் மேசை, புத்தகங்கள், ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, பின்வளவில் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் எனக்குமாகக் கட்டிய சின்ன வீட்டுக்குப் போனேன். கூட்டாளிகள் எல்லாருடைய வீட்டிலும் இதே வழக்கம்தான். எனக்கும் ஒரு நாள் யாரோ ஒரு பெண்ணின் தம்பி தன் அறையை விட்டுத் தருவான். இதெல்லாம் அறிவுக்குத் தெரியும். என் அறை ஜன்னலில் அவருடைய சேட் காய்வதைப் பார்க்கும்போது அந்த அறிவு எங்கே போகிறதோ தெரியவில்லை.

மச்சான் கணித ஆசிரியர். என்னை விட ஏழு வயது மூப்பு. நகத்தில் எப்போதும் அழுக்கு இருக்காது. ஒரு நட்டைத் தானாகக் கழற்றி நான் பார்த்ததில்லை. ஆனால் வந்த இரண்டாம் கிழமை எங்கள் கிணற்று மோட்டர் ஓடாமல் நின்றபோது, நான் அதன் மூடியைக் கழற்றி வைத்து யோசித்துக்கொண்டிருந்த நேரம், அவர் போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார். மோட்டர் ஓடியது. சுவிட்சை யாரோ அணைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. அன்றிலிருந்து வீட்டில் எது பழுதானாலும் அது மருமகனுக்காகக் காத்திருக்கும். மின்விசிறி காத்திருந்தது. கேஸ் அடுப்பு காத்திருந்தது. உம்மாவின் கைத்தொலைபேசி மூன்று நாள் காத்திருந்தது. அதற்கு வேண்டியிருந்தது சார்ஜ் மட்டும்.

பெட்டி உடைந்த அன்று இரவுச் சாப்பாட்டில் வாப்பா தீர்ப்பைச் சொன்னார். பிரேக்கைச் சரிக்கட்டுகிறவரிடம்தான் இனிச் சாவி இருக்கும், பைக் அவர் பொறுப்பு. சொல்லும்போது மச்சானின் முகத்தைத்தான் பார்த்தார். மச்சான் சோற்றுக்கு ஆணம் ஊற்றிக்கொண்டே, தனக்கு அதெல்லாம் தெரியாது மாமா என்றார். வாப்பா அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, ஆறுதலாகப் பாருங்கள் என்றார். அன்று செவ்வாய். எனக்கு மூன்று நாள் இருந்தது.

புதன்கிழமை காலையில் வாப்பா கரைக்கும் மச்சான் பள்ளிக்கூடத்துக்கும் போனதும் பைக்கைப் பின்வளவில் மாமரத்துக்குக் கீழே தள்ளிக்கொண்டு வந்தேன். ஒழுங்காகத்தான் தொடங்கினேன். எண்ணெய் எங்காவது ஒழுகுகிறதா என்று குழாய்களை விரலால் தடவிப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தன. பிரேக் பேட் இன்னும் தேயவில்லை. கைப்பிடியில் இருக்கிற சின்ன எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்தால், உள்ளே பிளேன்டீ நிறத்தில் கொஞ்சம் ஒயில் அடியில் கிடந்தது. பிடியை ஒரு தரம் அழுத்தினால் பஞ்சு. மூன்று நாலு தரம் விடாமல் அழுத்தினால் கொஞ்சம் இறுகுகிறது, விட்டால் திரும்பவும் பஞ்சு. இதற்கு அர்த்தம் ஒன்றுதான்: குழாய்க்குள் காற்று. ஒயிலை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். கை கொடுக்கிற பலத்தையெல்லாம் காற்றே தின்றுவிடும், சில்லுக்கு ஒன்றும் போய்ச் சேராது. மெக்கானிக்மார் எயார் எடுப்பது என்று சொல்கிற வேலை இதற்குத்தான். புது ஒயிலை ஊற்றி, சில்லின் பக்கம் உள்ள சின்னத் திருகைத் திறந்து, பழைய ஒயிலோடு காற்றையும் வெளியே தள்ள வேண்டும்.

அதோடு நின்றிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எனக்கு அது போதவில்லை. மச்சான் ஒரு சுவிட்சைத் தட்டி வாங்கிய பெயருக்கு எதிராக நான் பிரேக் முழுவதையும் புதிதாக்கிக் காட்ட வேண்டும் என்று இருந்தது. இரண்டு முன் சில்லிலும் தட்டைக் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கவ்விகள் இருக்கின்றன, கெலிப்பர் என்பார்கள். எட்டு மாதக் கடல் மணல் அவற்றில் உப்போடு சேர்ந்து இறுகிப்போயிருந்தது. இரண்டையும் குழாயோடு இருந்த இணைப்பைக் கழற்றி எடுத்தேன். வைக்க ஒரு பாத்திரம் தேடினேன். குசினித் தட்டில் கல்யாணத்துக்குப் பிறகு கழுவிக் கவிழ்த்த சஹன் ஒன்று, ஓரம் நெளிந்தது, தனியாக இருந்தது. ஆறு பேர் சுற்றி இருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. இரண்டு கெலிப்பரும் அதன் போல்ட்டுகளும் செம்பு வளையங்களும் வைக்க அதை விட நல்ல இடம் எது. எல்லாவற்றையும் அதில் போட்டேன். சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். மண்ணெண்ணெய் தொடவில்லை, உள்ளே இருக்கிற ரப்பர் ஊதிப்போகும் என்று படித்திருக்கிறேன். அப்படிப் படித்திருப்பதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உம்மா வந்து பார்த்தா. சஹனைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தா.

"சோறு திண்ட சஹன்லயாடா இத கழுவுற?"

"ஓரம் நெளிஞ்சதுதானே உம்மா."

"நெளிஞ்சா? நாளைக்கு என்ட மூக்கும் நெளிஞ்சா என்னையும் இதுக்குள்ள போடுவாய்."

திட்டிக்கொண்டே போனா. நான் எல்லாவற்றையும் துடைத்து, மத்தியானத்துக்குள் பூட்டி முடித்தேன். இரண்டும் அழகாகப் பொருந்தின. ஒன்றும் மிச்சம் வரவில்லை, ஒன்றும் குறையவில்லை.

பிரேக் ஒயில் வாங்கக் கல்முனைப் பிரதான வீதிக்குப் போனேன். உதிரிப்பாகக் கடைக்காரர் போத்தலை எடுத்து வைத்துவிட்டு எந்த வாகனத்துக்கு என்று கேட்டார். சொன்னேன். எந்த வீடு என்று கேட்டார். அதையும் சொன்னேன். உடனே முகம் மலர்ந்தது. மச்சானோடு ஒன்றாகப் படித்தவராம்.

"ஆ, மாப்பிள்ள பிரேக் செய்யிறாரா? ஸலாம் சொல்லுங்க. அவர் எதையும் யோசிச்சுத்தான் செய்வாரு."

மச்சானுக்கு இந்தப் பைக்கின் எந்தப் பக்கம் முன்பக்கம் என்றாவது தெரியுமா என்று கேட்க நினைத்தேன். சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். ஸலாத்தைச் சொல்லவில்லை.

எயார் எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிடியை அழுத்தி இறுகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மற்றவர் கெலிப்பரில் உள்ள நிப்பிள் என்கிற அந்தச் சின்னத் திருகைக் கால் சுற்றுத் திறந்து, ஒயிலும் காற்றும் வெளியே வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் பிடியை விடலாம். திறந்திருக்கும்போது விட்டால், வெளிக்காற்றை அது உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். வியாழக்கிழமை ராத்தாவைக் கூப்பிட்டேன். சின்ன வயதிலிருந்து என் வேலை எல்லாவற்றுக்கும் அவதான் ஆள். ரேடியோவைப் பிரித்தபோது டோர்ச் பிடித்தவ, சைக்கிள் செயின் பூட்டும்போது சில்லைச் சுற்றியவ. பைக்கில் ஏறி இருந்து, சீலையைச் செருகிக்கொண்டு, பிடியைப் பிடித்தா. மீன் தொட்டிக்குப் போடுகிற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நிப்பிளில் கொழுவி, மறு முனையை ஒரு சோடாப் போத்தலில் ஒயிலுக்குள் விட்டேன்.

ஒரு மணித்தியாலம் போனது. அழுத்து, பிடி, திறந்தேன், மூடினேன், விடு. கறுப்பு ஒயில் போய்த் தேன் நிறத்தில் புது ஒயில் வந்தது. குமிழி ஒன்றிரண்டு வந்தது, பிறகு வருவதே இல்லை. ஆனால் பிடி பஞ்சாகவே இருந்தது. இரண்டு பக்கமும் மாறி மாறிச் செய்தோம்.

"எத்தின தரம்டா அமத்துற? என்ட கையும் பஞ்சாப் போச்சு," என்றா ராத்தா.

"இன்னும் ரெண்டு. இது கடைசி."

இடது சில்லின் நிப்பிளைத் திறந்து வைத்திருந்தேன். அந்த நேரம் வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. எனக்கு அது ஒரு மோட்டார் சைக்கிள். ராத்தாவுக்கு அது எந்த மோட்டார் சைக்கிள் என்று ஒழுங்கை முனையிலேயே தெரிந்துவிட்டது. கை பிடியை விட்டுவிட்டது. இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி வைக்க ஓடிவிட்டா. ஒயிலின் நிறம் பார்க்க நான் போத்தலிலிருந்து தூக்கியிருந்த குழாய் வழியாகக் காற்று ஒரு முழத்துக்கு உள்ளே ஏறுவதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் காற்றின் மேல் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்பும் பின்பும் தனியாகப் போராடினேன். பிடியை ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டி வைத்துப் பார்த்தேன். கட்டும்போது கொஞ்சம் நன்றாக இருக்கும்; அவிழ்த்து நாலு தரம் அழுத்தினால் பழைய கதை. இரண்டாவது போத்தல் ஒயிலும் முடியப்போனது. கையில் ஒயில் பட்டுப் பட்டுத் தோல் வெளுத்துச் சுருங்கியது. கைப்பிடியில் இருக்கிற பம்ப் பழுதோ என்று நினைத்தேன். குழாய் உப்பி வேலை கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். படித்த எல்லாக் காரணமும் வரிசையாக மனதில் வந்தது. என் கையால் நடந்த ஏதாவது ஒன்று காரணமாக இருக்கலாம் என்பது மட்டும் அந்த வரிசையில் வரவில்லை.

சனிக்கிழமை வந்துவிட்டது. வாப்பா கரையிலிருந்து வருவதற்கு முன், பதினொரு மணிபோல, மச்சான் சாரம் கட்டிக்கொண்டு பின்வளவுக்கு வந்தார். கையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி. ஒன்றை எனக்குப் பக்கத்தில் கல்லில் வைத்தார். ராத்தா கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். தானாக யோசித்துக் கொண்டுவந்தார் என்று நம்ப எனக்கு விருப்பமில்லை. குந்தி இருந்து பார்த்தார். சில்லுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி இந்தப் பக்கம் வந்து பார்த்தார். எனக்கு முதுகு எரிந்தது.

"தம்பி, ஒண்டு கேக்கட்டா? எனக்கு விளங்காமத்தான் கேக்கிறன்."

"கேளுங்க மச்சான்."

"காத்து மேலதானே போகும்?"

"ஓம்."

"அப்ப நீங்க காத்த வெளிய எடுக்கிற இந்த வாய் ஏன் கீழ பாத்துக்கிட்டு இரிக்கி?"

நான் குனிந்து பார்த்தேன். மூன்று நாளாக அந்த நிப்பிளின் மேல்தான் என் ஸ்பேனர் இருந்தது. கவிழ்ந்து படுத்து, கீழிருந்துதான் திறந்துகொண்டிருந்தேன். அது கெலிப்பரின் அடியில் இருந்தது. ஒயில் அடியால் வந்துகொண்டே இருக்கும். காற்று மேலே குந்திக்கொண்டு இருக்கும். ஆயிரம் தரம் அழுத்தினாலும் அது இறங்கி வராது.

ஒரு சின்னப் பிள்ளை கேட்கிற கேள்வி. திரவ அழுத்தம் பற்றிய பஸ்கலின் விதியை நான் பரீட்சையில் முழுப் புள்ளிக்கு எழுதியவன்.

"அது அப்பிடித்தான் மச்சான்," என்றேன். "இந்த மொடலுக்கு அப்பிடித்தான்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். ஓ, அப்படியா என்று தலையாட்டினார். கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. வாப்பாவும் கரையிலிருந்து நேராகப் பள்ளிக்குப் போய்விடுவார். மச்சான் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனதும் நான் வலது சில்லைக் கழற்றினேன். வீட்டில் தொழுதுகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கெலிப்பரின் உட்பக்கத்தில், வார்ப்பிலேயே, ஒரு எழுத்து இருந்தது. இடதுக்கு உரிய எழுத்து. வலது சில்லில். மற்றதையும் பார்த்தேன், அதில் வலதுக்கு உரியது. ஒரே சஹனில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற மாதிரி இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் போட்டுக் கழுவினேன், எடுக்கும்போது கை எதில் பட்டதோ அதை எடுத்துப் பூட்டினேன். மாற்றிப் பூட்டினாலும் பொருந்துகிற மாதிரித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். தலைகீழாக இருக்கும், அவ்வளவுதான்.

என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் வேலை செய்ததில்லை. இரண்டையும் கழற்றி, துடைத்து, இடத்துக்கு இடம் மாற்றி, இணைப்புகளை இறுக்கி முடிக்க முக்கால் மணித்தியாலம். இப்போது நிப்பிள் இரண்டும் வானத்தைப் பார்த்தன. கிண்ணத்தில் ஒயில் நிரப்பினேன். பிறகுதான் ஞாபகம் வந்தது: அழுத்த ஆள் இல்லை. இடது சில்லில் ஒரு கை வைத்துக்கொண்டு மறு கையால் வலப்பக்கப் பிடியை எட்டிப் பார்த்தேன். எட்டவில்லை. ராத்தாவைக் கூப்பிட்டேன், மீன் பொரிக்கிறாவாம். ஒரு தடியால் பிடியை அழுத்தப் போய்த் தடி வழுக்கிக் கிண்ணத்தைத் தட்டி, ஒயில் முன் மட்காட்டில் கொட்டியது. ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கழுவிவிட்டு நிமிர்ந்தால், மச்சான் பைக்கில் ஏறி இருக்கிறார். தொப்பிகூடக் கழற்றவில்லை.

"நான் அமத்தட்டா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் குசினி வாசலில் தொங்கும் சீலைக்குப் பின்னால் உம்மாவின் குரல் வந்தது. மருமகன் முன்னால் உம்மா இன்னும் நேரே வருவதில்லை. சொல்வதையெல்லாம் சீலைக்குப் பின்னால் நின்று என்னிடம்தான் சொல்வா, அவருக்குக் கேட்கிற மாதிரி.

"மாப்பிள்ளைய ஊத்தையாக்காதடா. உடுப்ப பாரு."

"ஊத்தையில்ல மாமி. நான் பிடிய மட்டும்தான் பிடிக்கன்," என்றார் மச்சான் சீலையைப் பார்த்து.

செய்தோம். நான் கீழே, அவர் மேலே. அழுத்துங்க என்றால் அழுத்தினார். பிடித்தேன் என்று சொன்னார். நான் மூடி, விடுங்க என்று சொல்லும் வரை அந்தக் கை அசையவில்லை. வீதியில் எத்தனை வாகனம் போயிருக்கும், ராத்தா ஒரு தரம் வந்து சாப்பாடு தயார் என்றா, அப்போதும் அசையவில்லை. இவ்வளவு நல்ல கூட்டாளி ஒருவர் எனக்கு எயார் எடுக்க வாய்த்ததே இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது தரம் திறந்தபோது குழாயில் கடுகு கடுகாகக் குமிழி ஓடியது. பிறகு ஒரு நீண்ட காற்று, விரல் நீளத்துக்கு, ஒயிலைத் தள்ளிக்கொண்டு போய்ப் போத்தலுக்குள் புளுக் என்று சத்தம் போட்டது. மூன்று நாள் அது உள்ளே இருந்திருக்கிறது. பிறகு குமிழி சின்னதாகி, குறைந்து, நின்றது. வலது பக்கமும் அப்படியே. மச்சான் பிடியை அழுத்தினார். பாதி வழிக்குக்கூடப் போகவில்லை, கல்லில் பட்ட மாதிரி நின்றது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அவர் இறங்கும்போது கெலிப்பரைப் பார்த்தார். நிப்பிள் மேலே நிற்பதைக் கண்டிருப்பார். காணாமல் இருக்க முடியாது. கையைக் கழுவப் போய்விட்டார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா வந்து பைக்கில் ஏறி ஒழுங்கை முனைவரை போனார். போகும்போது ஒரு தரம், வரும்போது இரண்டு தரம் பிரேக் பிடித்தார். வாசலில் வந்து, முன் சில்லு இரண்டும் மணலில் கோடு கீற, நிறுத்தினார்.

"நான் சொன்னன்தானே, மருமகன் பார்ப்பாருண்டு."

"இல்ல மாமா. நான் பிடிச்சுக்கிட்டு இருந்தது மட்டும்தான். தம்பிதான் முழுக்கச் செஞ்சது," என்றார் மச்சான்.

வாப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். மருமகனின் அடக்கத்தை எண்ணிப் பூரிக்கிற சிரிப்பு. சீலைக்குப் பின்னால் உம்மா, பெருமை இல்லாத பிள்ளை என்று யாரிடமோ சொன்னா. சாவி வாப்பாவின் பையிலிருந்து வெளியே வந்து மச்சானின் கைக்குப் போனது.

நாலு நாள் மணலில் படுத்தவன் நான். ஒயில் வாங்கியவன் நான், உம்மாவிடம் ஏச்சு வாங்கியவன் நான். அவர் நான் சொல்ல நினைத்த உண்மையைத்தான் சொன்னார், அதை யாரும் நம்பவில்லை. கத்திச் சொல்லலாம் என்று இருந்தது. சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதும் முழு உண்மை இல்லை. காற்று ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்தது அவர். அந்தத் துண்டு எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அவர் அதை விட்டுவிட்டுச் சொன்னார். நான் அதை மறைத்துவிட்டு நின்றேன். வீட்டார் எல்லாரும் தெரியாமலேயே சரியான ஆளைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். பொறாமைக்கு ஒரு நியாயம் இருந்தாலாவது அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கலாம். அதுவும் என் கையில் இல்லை.

அடுத்த நாள் அதிகாலை, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, வலை இழுக்கப் போகும் நேரம், பெரிய வீட்டின் கதவைத் தட்டி நின்றேன். மச்சான் வந்து சாவியைத் தந்தார்.

"இத நீங்களே வெச்சிக்கொள்ளுங்க தம்பி. நான் பள்ளிக்கூடம் போறவன், எனக்கெதுக்கு?"

"வாப்பா உங்களுக்கிட்டத்தானே தந்தது," என்றேன்.

வேலை முடிந்து வந்து சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். திங்கள் காலையும் கதவைத் தட்டினேன், செவ்வாயும் தட்டினேன். ராத்தா கதவுக்கு உள்ளே இருந்து, உனக்கு என்னடா இந்த வீம்பு, மனிசரை நித்திரை கொள்ள விடு என்றா. வீம்புதான். அவர் விட்டுக் கொடுத்து வருகிற சாவி எனக்கு வேண்டாம்.

முன் பிரேக் இப்போது அவ்வளவு நன்றாகப் பிடிப்பதால் ஒரு புதுத் தொல்லை தெரிந்தது. ஆறு பெட்டியும் ஏற்றிக்கொண்டு கரைச் சரிவில் இறங்கும்போது முன்னால் மட்டும் பிடித்தால் வண்டில் பின்னாலிருந்து தள்ளுகிறது, பைக் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கிறது. கால் பிரேக், அதாவது பின் சில்லுக்கு உள்ளது, பஞ்சாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வாப்பா அதைக் கண்டுவிட்டார். சனிக்கிழமை மருமகன் அதையும் பார்க்கட்டும் என்றார்.

இன்று புதன். நாளைக்கு ஏழு மணிக்கு மச்சான் பள்ளிக்கூடம் போய்விடுவார். மீன் குறைவான நாள் என்றால் ஒன்பது மணிக்கே பைக் எனக்குச் சும்மா கிடைக்கும். பின்னால் கெலிப்பர் ஒன்றுதான். இடது வலது என்று மாற வழியில்லை. ஆனாலும் தொடங்குமுன் நிப்பிள் எங்கே பார்க்கிறது என்று முதலில் பார்ப்பேன். பெடலை மிதிக்க ஆள் கூப்பிடப் போவதில்லை. பார்மசியில் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மாட்டுக்கா என்று கேட்டார் பார்மசிக்காரர், ஓம் என்றேன். அதில் புது ஒயிலை நிரப்பி, கீழே கெலிப்பரின் பக்கத்திலிருந்து மேலே கிண்ணத்தை நோக்கி மெதுவாகத் தள்ளப் போகிறேன். காற்று தானாகப் போக விரும்புகிற திசையிலேயே அதை அனுப்பிவிடுவது. கிண்ணம் நிரம்பி வழியாமல் இடைக்கிடை துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அதை ஒரு ஆள் செய்யலாம். இந்த யோசனை எனக்கு எந்தக் கேள்வியிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதை இப்போதைக்கு விடுவோம்.

சரியாக வந்தால், வெறும் பெட்டி ஆறை ஏற்றிக்கொண்டு கரைக்குப் போவேன். வாப்பா நிற்கிற இடத்துக்கு நேரே சரிவில் இறக்கி, கால் பிரேக்கை மட்டும் மிதித்து நிறுத்துவேன். இது நான் தனியாகச் செய்தது வாப்பா என்று சொல்வேன். அதோடு, முன்னால் உள்ளது மச்சான் கண்டுபிடித்தது, நான்தான் கெலிப்பரை மாற்றிப் பூட்டினேன் என்றும் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவதைச் சொல்ல வாய் வருமா தெரியவில்லை. முதலில் பிரேக் இறுகட்டும், பார்க்கலாம்.